புதிய மதுக்கூடத்தின் பின்வாசல் குறித்து நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
மதுக்கூடத்தின் பின்புறச் சந்தில் குடியிருக்கும், கீழே கையொப்பமிட்டுள்ள 41 பேர்.

பெறுநர்:
உரிமம் வழங்கும் அலுவலர் அவர்கள், மதுவிற்பனை உரிமப் பிரிவு.

பொருள்: புதிய மதுக்கூடத்தில் இரவு 1 மணி வரை மது பரிமாற உரிமம் கோரும் விண்ணப்பம் – பின்வாசலை மூடவும் நேரத்தைக் குறைக்கவும் நிபந்தனை விதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டாவதற்கு எதுவும் வரவில்லை. மூன்றாவதை நேரில் கொண்டுவந்து கொடுத்தபோது, பரிசீலனையில் உள்ளதாகத் தங்கள் அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் நாள் நெருங்கிவிட்டதால் நான்காவது முறையாகத் தங்களை அணுகுகிறோம். மதுக்கூடமே கூடாது என்று நாங்கள் எந்த மனுவிலும் கேட்கவில்லை என்பதையும், கேட்டதெல்லாம் பின்வாசலையும் நேரத்தையும் பற்றித்தான் என்பதையும் முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. இடம் தாங்கள் அறிந்ததே. முன்வாசல் வழியே வெளியேறுபவர்கள் பெருஞ்சாலைக்கு வர வளைவைச் சுற்றி நடக்க வேண்டும். பின்வாசல் வழியே வந்தால் எங்கள் சந்து நேராக டாக்ஸி நிறுத்தத்தில் கொண்டுபோய் விடும். சந்தின் அகலம் ஆறு அடி. இருபுறமும் வீடுகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் படுக்கையறைச் சன்னல்கள் சந்தைப் பார்த்தே அமைந்திருக்கின்றன.

2. தற்காலிக அனுமதியின் பேரில் மதுக்கூடத்தினர் ஐந்து இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்த ஐந்து இரவுகளிலும் நடந்ததை மணிவாரியாகக் குறித்து, குறிப்பேட்டின் நகலை இரண்டாவது மனுவுடனேயே இணைத்திருந்தோம். அது கோப்பில் இருக்கும் என்று நம்புகிறோம், ஆனாலும் மீண்டும் இணைத்துள்ளோம். விண்ணப்பத்தில் 1 மணி என்று எழுதியிருப்பது கடைசி மது பரிமாறப்படும் நேரம். எங்களுக்குத் தொல்லை உச்சமடைவதே அதற்குப் பிறகுதான். உள்ளே பாட்டு நிற்கும். அதுவரை அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதே குரலோடு சந்துக்குள் வருவார்கள். புகைபிடிக்க நிற்பவர்கள், துணைக்கு வந்தவரைத் தேடுபவர்கள், டாக்ஸிக்காகக் காத்திருப்பவர்கள், சண்டையிடுபவர்கள், அழுபவர்கள், சுவரோரம் சிறுநீர் கழிப்பவர்கள் என எல்லாரும் எங்கள் சன்னல்களுக்கு இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு கடைசிக் குரல் ஓய்ந்தபோது மணி 2.20. அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. 2.40க்குப் பணியாளர்கள் காலிப் புட்டிகளைப் பின்வாசல் தொட்டியில் கூடைகூடையாகக் கொட்டினார்கள். நிசப்தமான சந்தில் நூற்றுக்கணக்கான கண்ணாடிப் புட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கும் சத்தம் எப்படியிருக்கும் என்பதை எழுத்தில் விளக்க எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் சந்து முழுவதும் விளக்கு எரிந்தது. நான்காவது வீட்டில் இருப்பவர் பேருந்து ஓட்டுநர். காலையின் முதல் வண்டியை எடுப்பவர். 4 மணிக்கு எழ வேண்டியவர். 2.20க்குக் கண்ணயர்ந்தவர் 2.40க்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் வண்டியில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள், ஐயா? உறங்காத ஒருவரை நம்பி அவர்கள் ஏறினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியுமா? மறுநாள் இரவு அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து இரவுகளுக்கே இந்த நிலை. உரிமம் வாரத்தின் ஏழு இரவுகளுக்கும் கேட்கப்பட்டிருக்கிறது.

3. விண்ணப்பத்துடன் அளிக்கப்பட்ட ஒலி அறிக்கையை எங்களில் படித்தவர்கள் வரிவரியாகப் பார்த்தோம். அளவீடுகள் எல்லாம், மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஒலியை அளக்கும் 'ஏ' அளவுகோலில் மட்டுமே எடுக்கப்பட்டுள்ளன. அந்த அளவுகோல் 63 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சுருதி ஒலியை உள்ளதைவிட ஏறக்குறைய 26 டெசிபெல் குறைத்தே காட்டும் என்பது ஒலியளவைத் துறையினர் அனைவருக்கும் தெரிந்தது. சுவரையும் மூடிய சன்னலையும் கடந்து எங்கள் கட்டிலுக்கு வருவது பாட்டின் சொற்களல்ல, அந்தத் தாழ்ந்த அதிர்வுதான். அதை அளக்காமல் விட்டுவிட்டுப் பாதிப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். படுக்கையறைக்குள் தொடர் ஒலி 30 டெசிபெல்லையும், திடீர் ஒலி 45 டெசிபெல்லையும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. எங்கள் படுக்கையறை ஒன்றிலாவது யாராவது கருவியை வைத்துப் பார்த்தார்களா?

4. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்து இடத்தைப் பார்வையிட்டது பகல் 11 மணிக்கு. பகல் 11 மணிக்கு எங்கள் சந்தில் பூனைகூட நடமாடாது.

5. நள்ளிரவு 12 மணியுடனாவது முடித்துக்கொள்ளக் கூடாதா என்று நாங்கள் கேட்டதற்கு, கூடுதலாக ஒரு மணி நேரம்தானே என்று விண்ணப்பதாரர் பதில் சொன்னார். நார்வே நாட்டின் 18 நகரங்களில் மதுக்கூடங்கள் மூடும் நேரம் மாற்றப்பட்டதை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருப்பதற்கும் இரவு நேர வன்முறை சுமார் 16 விழுக்காடு கூடுவதற்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. ஒரு மணி நேரம்தானே என்ற சொல்லை ஏற்கும் முன் இதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

6. வாடிக்கையாளர்களை அமைதியாகப் போகச் சொல்லி அறிவிப்புப் பலகை வைப்போம், காவலாளி நிறுத்துவோம், புட்டிகளைக் காலையில் கொட்டுவோம் என்றெல்லாம் எங்களிடம் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்துடனேயே சொல்லலாம். ஆனால் நாளை அந்த இடம் வேறொருவர் கைக்குப் போனால், இந்தச் சொற்களை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? உரிமத்தில் நிபந்தனையாக எழுதப்பட்டதை மீறினால்தான் தாங்கள் நடவடிக்கை எடுக்க முடியும். எழுதப்படாததை மீறினால் எங்கள் ஐந்தாவது மனுவும் ஆறாவது மனுவும் முன்னவற்றைப் போலவே கோப்பில் போய்ச் சேரும். மூன்று மனுக்களிலும் இதையேதான் எழுதினோம். வேறு எப்படி எழுதினால் பதில் வரும் என்பதையாவது தாங்கள் தெரிவித்தால், அப்படியே எழுதுகிறோம்.

சொல் சற்றுக் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். தூக்கமின்றி இருந்தவர்கள் கூடி உட்கார்ந்து எழுதிய மனு இது.

ஆகவே, பின்வாசலை அவசரகாலத்தில் வெளியேறுவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், மது பரிமாறுவதை இரவு 11 மணியுடன் நிறுத்தி 11.30க்குள் அனைவரையும் முன்வாசல் வழியே அனுப்பிவிட வேண்டும் என்றும், இரவு 10 முதல் காலை 7 வரை புட்டிகளைக் கொட்டக் கூடாது என்றும் உரிமத்திலேயே நிபந்தனைகளாக எழுதும்படி வேண்டுகிறோம். தாழ்ந்த சுருதி ஒலியையும் சேர்த்து எங்கள் வீடுகளுக்குள் அளந்து பார்க்கும் வரை இசை நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரக் கூடாது. இவை அனைத்தையும் ஒருசேர ஏற்க இயலாது என்றால், பின்வாசலை மட்டுமாவது மூடித் தாருங்கள். அந்தக் கதவு மூடியிருந்தால் மற்றவற்றில் பாதியை நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

முடிவெடுப்பதற்கு முன் எங்கள் தரப்பில் இருவரையாவது நேரில் விசாரிக்கவும், இம்மனுவுக்கு எழுத்துமூலம் பதில் தரவும் வேண்டுகிறோம். தாங்கள் ஓர் இரவு நேரில் வந்து பார்க்க இசைந்தால் நான்காவது வீட்டார் தம் அறையைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். பின்வாசலை மூட ஆவன செய்யுமாறு மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்துக் குடியிருப்போர் 41 பேர்

இணைப்பு: ஐந்து இரவுகளின் குறிப்பேட்டு நகல், முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், முதல் மனுவின் ஒப்புகைச் சீட்டு நகல்.