இழுவைப் படகுக்கு எந்த மோட்டார்?

அன்புள்ள கதிரேசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும், நீங்கள் கட்டிவரும் ரேடியோவால் இயக்கும் மாதிரி இழுவைப் படகின் படங்களும் கிடைத்தன. படகின் உடல் அழகாக வந்திருக்கிறது. பின்புற வளைவை இழைப்பதில் நீங்கள் காட்டியிருக்கும் பொறுமை எனக்கு வராது. மாதிரி விமானத்திலிருந்து கழற்றி வைத்த 1000 கேவி பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரை இதில் பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

கேவி என்பது, சுமை இல்லாத நிலையில் ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதைச் சொல்லும் எண். உங்களிடம் உள்ள மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி தரும் 11.1 வோல்ட்டில் அது 11,000 சுற்றைத் தாண்ட முயலும். நீங்கள் பொருத்தியிருப்பதோ 65 மில்லிமீட்டர் புரொப்பெல்லர்; அதற்கு மூவாயிரம் சுற்றே தாராளம். தண்ணீரில் புரொப்பெல்லரின் வேகம் இரு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. விட்டம் கூடினால் நிலைமை இன்னும் மோசம்: அதே வேகத்தில் 50 மில்லிமீட்டருக்குப் பதிலாக 60 மில்லிமீட்டர் போட்டால் திறன் சுமார் இரண்டரை மடங்கு வேண்டும். ஆகவே அந்த மோட்டார் தான் எட்ட முடியாத வேகத்தை எட்டுவதற்காக ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். மோட்டாரோ அதன் வேகத்தை மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவியோ, எது முதலில் கருகும் என்பதுதான் கேள்வி.

அவ்வளவு வேகம் இந்தப் படகுக்குத் தேவையும் இல்லை. மாதிரிக்கு ஏற்ற வேகத்தை, அசல் படகின் வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தே கணக்கிட வேண்டும். உங்களுடையது 1:36 என்பதால் வகுக்க வேண்டிய எண் 6; 12 நாட் வேகத்தில் செல்லும் அசல் படகுக்கு ஈடாக இது 2 நாட், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டர் சென்றால் போதும். கரையோரம் சாவகாசமாக நடப்பவரின் வேகம் அது. அதற்கு மேல் திறனைக் கொட்டினால், இவ்வகை உடல் முன்னால் பெரிய அலையைத் தள்ளி, பின்புறம் அமிழ்ந்து, பார்க்கவே அவலட்சணமாக ஓடும்.

எனவே மோட்டாரிலிருந்து தொடங்காமல் புரொப்பெல்லரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 12 வோல்ட்டில் சுமையின்றி 5,000 சுற்றுக்குள் நிற்கும், மெதுவாகச் சுற்றும் பிரஷ் மோட்டார் ஒன்றை நேரடியாகத் தண்டுடன் இணைப்பதே என் தேர்வு. சுழற்சியின் நிலையை அறியும் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்கள் மிகக் குறைந்த வேகத்தில் உதறிக்கொண்டு கிளம்புவதுண்டு. படகுத்துறையை அங்குலம் அங்குலமாக நெருங்க வேண்டிய படகுக்கு அது பெரிய தொல்லை. நான் இப்போது கட்டிவரும் விரைவுப் படகுக்கு மட்டும் பிரஷ்லெஸ், நீர்க்குளிர்ச்சி எல்லாம் வைத்திருக்கிறேன். அது வேறு சாதி.

மாதிரி விமானத்துக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் உதவாது. அது பிரஷ்லெஸ் மோட்டாருக்கானது. பெரும்பாலும் அவற்றில் பின்னோட்டமும் இருக்காது. பின்னோட்டம் இல்லாத இழுவைப் படகை எப்படி நிறுத்துவீர்கள்? பிரஷ் மோட்டாருக்கான, முன்னும் பின்னும் ஓட்டக்கூடிய கருவியை வாங்குங்கள். அதன் ஆம்பியர் அளவை ஓடும்போது ஆகும் மின்னோட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளத்துப் பாசி புரொப்பெல்லரில் சுற்றி மோட்டார் அப்படியே நின்றுபோனால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த மோட்டார்ச் சுருளின் மின்தடை மட்டுமே மிஞ்சும். சாதாரணமாக 3 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் அப்போது 12 ஆம்பியரைத் தொடலாம். கருவி அதைத் தாங்க வேண்டும். இடையில் 5 ஆம்பியர் ஃபியூஸும் இருக்க வேண்டும். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் ரேடியோ ரிசீவருக்கு மின் இரைச்சல் குறையும்.

பேட்டரி விஷயத்தில் நான் பழைமைவாதி. உங்கள் படகு நீர்க்கோட்டில் மிதக்கவே எட்டுக் கிலோ எடை தேவை. லித்தியத்தின் இலேசால் இங்கே என்ன லாபம்? மூடிய ஈய அமில பேட்டரி, 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால், இரண்டு கிலோவுக்கு மேல் பாரமாகவும் அதுவே உதவும். ஆனால் அந்த 7 என்பது பொதுவாக 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கும் கணக்கு. 3 ஆம்பியர் எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் நீடித்து உழைக்கும். கருவியின் குறைந்த மின்னழுத்தத் துண்டிப்பு (பேட்டரி மிகவும் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் வசதி), பேட்டரியின் வகைக்கு ஏற்ப அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் செய்யும்போது மேல்தளத்தைத் திறந்தே வையுங்கள். சிறிது ஹைட்ரஜன் வெளியேறக்கூடும்.

மோட்டார் வந்ததும் மேல்தளத்தை ஒட்டுவதற்கு முன், படகைத் தொட்டித் தண்ணீரில் கையால் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் அம்மீட்டரைப் பாருங்கள். நகராமல் நிற்கும்போது சுமை மிக அதிகம் என்பதால், அந்த எண்ணை நம்பிக் கம்பியின் பருமனை முடிவு செய்யலாம். 5 ஆம்பியரை நெருங்கினால் புரொப்பெல்லரை 60 மில்லிமீட்டராகக் குறைத்து மீண்டும் அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
முத்தையா