ஆனி டிஃபிராங்கோ இசை மாலைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பெண்ணியப் பாடகியும் பாடலாசிரியருமான ஆனி டிஃபிராங்கோவின் இசை வாழ்க்கையைப் பற்றிச் சென்ற சனிக்கிழமை ஸ்காபரோவில் நாம் நடத்திய உரையும் பாடல் கேட்டலும் நல்லபடியாக நிறைவேறின. அந்த உரைக்குப் பின்னால் பலரின் உழைப்பு இருந்தது. நிகழ்ச்சி முடிவில் எல்லோருக்கும் நன்றி சொல்ல நேரம் வாய்க்காமற் போனதால் இம்மடலை எழுதுகிறேன். தனிப்பட்ட பெயர்களைக் குறிப்பிட வேண்டாம் எனப் பலர் கேட்டுக்கொண்டிருப்பதால், செய்த உதவிகளைக் கொண்டே ஒவ்வொருவரையும் நினைவுகூர்கிறேன்.

எல்லை கடந்து என்னை அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அழைத்துச் சென்ற தம்பதியருக்கு முதல் நன்றி. ரொறன்ரோவிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்நகரை, நயாகராவுக்கு அப்பால் உள்ள பழைய தொழில் நகரம் என்ற அளவில்தான் நம்மில் பலர் அறிவோம். ஆனி 1970இல் பிறந்தது அங்கேதான். ஒன்பது வயதில் அவர் கிற்றாரைக் கையிலெடுத்ததும், மைக்கல் மெல்ட்றம் என்ற உள்ளூர் நாட்டார் பாடகர் அச்சிறுமியை மேடைகளுக்குக் கூட்டிச் சென்று பாட வைத்ததும் அந்த ஊரில்தான். பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்துடன் தேடி வந்த காலத்திலும், 1990இல் தாம் தொடங்கிய ‘ரைட்டியஸ் பேப் ரெக்கோட்ஸ்’ என்ற சொந்த இசைப்பதிவு நிறுவனத்தைக் கைவிட மறுத்த அவர், அதைப் பஃபலோவிலேயே வேரூன்றச் செய்தார். டெலவெயார் அவெனியூவில் இடிபடவிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மெதடிஸ்த தேவாலயம் ஒன்றை அந்நிறுவனம் காப்பாற்றிப் புதுப்பித்ததால், இன்று அக்கட்டடத்தில் இசையரங்கும் ‘ஹோல்வோல்ஸ்’ கலைக்கூடமும் இயங்குகின்றன. அந்தக் கற்சுவரின் அருகில் சற்று நேரம் நின்ற பிறகே, பாடல்களால் ஈட்டிய பணம் ஒரு ஊருக்கு எப்படித் திரும்பி வந்தது என்பதை என் உரையில் தெளிவாகச் சொல்ல முடிந்தது.

தொண்ணூறுகளில் பல்கலைக்கழக விடுதியில் சேர்த்த ஒலிநாடாக்களை இரவல் தந்த அக்காவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவற்றுள் ஒன்று தோழி ஒருத்தி பதிவு செய்து கொடுத்த பிரதி. அதன் அட்டையில் நீலப் பேனாவால் பொடி எழுத்தில் எழுதிய பாடல் தலைப்புகள் பாதி வெளுத்துப் போயிருந்தன. ஆனியின் தொடக்க காலம் முழுவதும் அந்த அட்டையில் இருந்தது எனலாம். காரைத் தாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, கல்லூரிகளிலும் சிறிய மதுச்சாலைகளிலும் பாடி, ஒலிநாடாக்களைக் கையோடு விற்றுத்தான் அவர் முன்னுக்கு வந்தார். வானொலியின் ஆதரவு பெரிதாக இல்லாத நிலையில், கேட்ட பெண்கள் கேளாத பெண்களுக்குக் கொடுத்ததால்தான் அப்பாடல்கள் பரவின.

கிற்றார் வாசித்துக் காட்டிய தம்பி, பொய் நகங்களை ஒட்டி, அவை கழன்று விடாதபடி விரல் நுனிகளில் மின்கம்பி ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு வாசிக்கும் ஆனியின் முறையைத் தம் விரல்களிலேயே செய்து காட்டியபோது அரங்கம் முன்னே நகர்ந்து உட்கார்ந்தது. தந்திகளை அவர் அடித்து ஒலிக்கும் வேகத்துக்கு மனித நகம் தாங்காது என்பதை நான் பத்து நிமிடம் பேசியிருந்தாலும் அப்படி விளக்கியிருக்க முடியாது.

‘மிஸ்’ என்ற பெண்ணிய இதழுக்கு ஆனி 1997இல் எழுதிய திறந்த மடலைத் தேடியெடுத்துத் தந்த நூலகருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இறுவட்டு ஒன்றுக்கு அவர் எவ்வளவு ஈட்டுகிறார் என்பதை முன்னிறுத்தி அவ்விதழ் அவரைப் பாராட்டியபோது, தம்மை வணிகத்தில் வென்றவராக அன்றிப் பாடல் எழுதுபவராக நினைவுகூருமாறு அவர் கேட்டுக்கொண்டார். அவரது வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுவே.

பாராட்டுரையாக மட்டும் பேசிவிடக் கூடாது என்று வலியுறுத்திய தோழிக்கும் நன்றி. 2013இல் லூசியானாவில் அடிமைமுறைக் காலப் பண்ணை மாளிகை ஒன்றில் ஆனி நடத்தவிருந்த முகாம், கறுப்பினப் பெண்கள் உள்ளிட்ட பலரின் கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. முதலில் அவர் தந்த நீண்ட விளக்கம் கண்டனத்தையே கூட்டியது. பின்னரே மன்னிப்புக் கேட்டார். பெண்ணியம் பேசும் வெள்ளையினக் கலைஞர் ஒருவருக்கு எது கண்ணில் படாமற் போகிறது என்பதைச் சொல்லாமல் அந்த உரை நேர்மையாக இருந்திருக்காது.

எழுபதுகளின் பெண்கள் இசை இயக்கத்தை நேரில் அறிந்த மூத்த அம்மையார், பாடகி ஹொலி நியர் 1972இல் தொடங்கிய ‘ரெட்வுட்’ இசைப்பதிவு நிறுவனத்தையும் 1973இல் பெண்கள் கூட்டாகத் தொடங்கிய ‘ஒலிவியா’ நிறுவனத்தையும் நினைவூட்டினார். ஆனிக்கு முன்னரே வழி வெட்டியவர்கள் இருந்தார்கள் என்ற பகுதி முழுவதும் அவர் தந்ததே. ஆனியும் தாம் பெற்றதைத் திருப்பித் தந்தவர்தான். தமக்குக் கவிதை கற்பித்த சேக்கு சண்டியாட்டாவின் இசைத்தொகுப்பைத் தம் நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். தொழிலாளர் கதைசொல்லி யூட்டா பிலிப்ஸின் குரலை 1996இல் இளையோரிடம் கொண்டு சேர்த்தார். பாடகி அனாயிஸ் மிச்செலின் ‘ஹேடிஸ்டவுன்’ பாடல் தொகுப்பு 2010இல் ஆனியின் நிறுவனத்திலிருந்தே இறுவட்டாக வெளிவந்து, பிற்பாடு நியூயோர்க்கின் பிராட்வே நாடக மேடையேறி 2019இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது.

பாடல்வரிகளின் பொருளைத் தமிழில் எழுதித் தந்த இருவருக்கும், நாற்காலி அடுக்கிய பிள்ளைகளுக்கும், தேநீரும் வடையும் கொண்டுவந்த வீட்டாருக்கும், மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருந்து இறுதிவரை கேட்ட அனைவருக்கும் நன்றி. உண்டியலில் சேர்ந்த பணம் செலவு போகப் பெண்கள் காப்பகம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது; பற்றுச்சீட்டு என்னிடம் உள்ளது. இரவல் பெற்ற ஒலிநாடாக்களை இவ்வார இறுதிக்குள் உரியவர்களிடம் நானே நேரில் ஒப்படைப்பேன்.

அன்புடன்,
நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்