பாத்திரம் வாங்கும் முன் மகளுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வீட்டிலேயே மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை ஊறவைத்து, கரண்டில் பீர் காய்ச்சப் போவதாகச் சொன்னதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நம் ஊரில் இது குற்றம். அங்கே அமெரிக்காவில் 1978-லேயே சட்டத்தை மாற்றிவிட்டார்கள், பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம் என்று எடுத்துச் சொன்னேன். இப்போது பரவாயில்லை.

சரி, பாத்திரத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது 19 லிட்டர். அதற்காக 20 லிட்டர் பாத்திரம் வாங்கிவிடாதே. கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கக் கூடாதும்மா, பாத்திரம் எந்த நேரத்தில் அதிகம் நிறைகிறது என்று பார்க்கணும். ஒரு மணி நேரக் கொதியில் 3, 4 லிட்டர் ஆவியாகப் போய்விடும். அடியில் கசடு நிற்கும். அப்படியென்றால் கொதிக்க வைக்கும்போதே 25, 26 லிட்டர் இருக்கும். முதல் கொதியில் பால் மாதிரி சட்டென்று பொங்கும், அதற்கும் இடம் வேண்டும். 10 கேலன் பாத்திரம், அதாவது 38 லிட்டர், சரியாக இருக்கும்.

மால்ட் ஊறவைக்கிற பாத்திரமும் அதே அளவே இருக்கட்டும். 5 கிலோ மால்ட்டுக்கு, கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால், மால்ட் அடைக்கிற இடத்தையும் சேர்த்து மொத்தம் 18, 19 லிட்டர்தான் வரும். ஆனால் மாப்பிள்ளை ஸ்ட்ராங்காகக் கேட்டு 8 கிலோ போட்டால் 30 லிட்டரைத் தொட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரம் சின்னதாக இருந்தால் போதும் என்று தோன்றும். அதற்குள் செம்புச் சுருள் குழாய் வைத்து, சூடு குறையாமல் இருக்க மால்ட் சாற்றை அதன் வழியே சுற்றவிடப் போகிறாயே, அந்தச் சுருள் எப்போதும் முழுகி இருக்கணும். அதனால் மூன்றும் 38 லிட்டரே வாங்கு.

பிற்காலத்துக்கு ஆகும் என்று 20 கேலன் பாத்திரம் பார்க்கிறதாகச் சொன்னாய். அது வேண்டாம். அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் மட்டம் கீழேயே நிற்கும், ஹீட்டர் காயில் வெளியே தெரியும். நம் கடைக்கு வருகிற கீசர் காயிலை எத்தனை பார்த்திருக்கிறாய்! நம் ஊர் உப்புத் தண்ணீரில் வெள்ளையாகப் படிந்து போனதுகூட சில வருஷம் ஓடிவிடும். தண்ணீர் இல்லாமல் எரிந்ததோ கறுத்து, வளைந்து, உறை வாய் பிளந்துதான் வரும். ஓட்டை போடுவதற்கு முன்னால் காயிலைப் பாத்திரத்துக்குள் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, அது முழுகுகிற மட்டத்தைக் குறித்துவை. எத்தனை லிட்டர் என்று எழுதியும் வை. அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால் ஸ்விட்சைத் தொடாதே.

கரண்ட் விஷயம்தான் எனக்கு முக்கியம். 5500 வாட் காயில் என்றால் 240 வோல்ட்டில் 23 ஆம்பியர் இழுக்கும். 30 ஆம்பியர் பிரேக்கரும் அதற்கேற்ற தடிமனில் வயரும் தனியாக வேண்டும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் அதே காயிலைக் கொடுத்தால் கால்வாசி சூடுதான், 1375 வாட். 26 லிட்டரை 65 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 5500 வாட்டுக்கு ஏறக்குறைய 12 நிமிஷம் போதும். கால்வாசி வாட்டில் முக்கால் மணிக்கு மேலே ஆகும்.

கரண்ட் கசிந்தால் தானாகவே அணைந்துவிடுகிற லீக்கேஜ் பிரேக்கர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதே. நம் வீடுகளில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிறதை மாட்டுகிறோம். அங்கே அதை ஜி.எஃப்.சி.ஐ. என்பார்கள், 5 மில்லி ஆம்பியரிலேயே விழும், அதையே கேட்டு வாங்கு. மூன்று பாத்திரத்தின் உடம்புக்கும் எர்த் கொடுக்கணும். ஈரக் கையோடு கரண்டியைப் பிடித்துக் கிளறப் போகிறவள் நீ.

அப்புறம், வயரிங் முடிந்ததும் மூடி போடாமல் பேனலைப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் பிளக் செருகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா