பழைய காட்டேஜின் வயதைக் கண்டறிய ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கொடைக்கானல் ஏரிக்கு மேற்புறச் சரிவில் தைலமரங்களுக்கு நடுவே நிற்கும் கல்சுவர் காட்டேஜை ‘1845ஆம் வருடத்து வீடு’ என்றே நாமெல்லாம் சொல்லி வருகிறோம். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி, அந்த ஆண்டில்தான் இங்கே ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற முதல் இரண்டு பங்களாக்களை எழுப்பினார்கள் என்பது பதிவான செய்தி. ஆனால் நம் காட்டேஜும் அக்காலத்ததுதான் என்பதற்கு இதுவரை எவரும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் காட்டியதில்லை. வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லிச் சொல்லியே அந்த ஆண்டு நிலைத்துவிட்டது என்பது எங்கள் குழுவின் ஐயம்.

இந்த ஐயத்தை இப்போதே தீர்த்தாக வேண்டியிருக்கிறது. மழைக்கு ஒழுகும் கூரையை முழுவதும் பிரித்து மாற்றுவதென வீட்டுக்காரர் முடிவு செய்துள்ளார். அவர் முடிவு நியாயமானதே. எங்கள் வேண்டுகோளை ஏற்று, தை மாதம் வரை வேலையைத் தள்ளிவைத்து, வீட்டுக்குள் அளக்கவும் படமெடுக்கவும் எழுத்துமூலம் அனுமதியும் தந்திருக்கிறார். கூரை இறங்கிய பின் பழைய மரங்கள் விறகுக் கடைக்கும் ஓடுகள் குப்பை மேட்டுக்கும் போய்விடும். வீட்டின் வயதைச் சொல்லக்கூடிய சான்றில் பெரும்பகுதி அவற்றோடு தொலைந்துவிடும்.

கூரை அவ்வளவு சொல்லுமா என்று சிலர் கேட்டார்கள். மேலே கிடக்கும் ஓடுகள் சிலவற்றில், ஓட்டுத் தொழிற்சாலைகள் நடத்திய கிறித்தவ மிஷனான பாசல் மிஷனின் முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருக்கின்றன. அதைப் பார்த்ததும் வீடு 1865இல் கட்டப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, பிற்காலத்தில் செய்த ஓடுகளிலும் அதையே பொறித்தார்கள். அவற்றுக்கு இடையிடையே ‘காமன்வெல்த்’ என்று பொறித்த ஓடுகளும் கிடக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பிறகு அத்தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியதால், அந்த ஓடுகள் 1920ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான் இங்கே ஏறியிருக்க முடியும்.

ஓட்டைவிடக் கூடுதலாகப் பேசுவது அதன் அடியில் இருக்கும் மரம். மங்களூர் ஓட்டுக்கு, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்களைச் சீரான இடைவெளியில் அடிக்க வேண்டும். ஆனால் இங்கே முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் கைமரங்களில் இப்போதைய ரீப்பர்களோடு பொருந்தாத பழைய ஆணித் துளைகள் வேறொரு வரிசையில் தெரிகின்றன. அப்படியானால் இந்தக் கூரை முதலில் புல்லாலோ நாட்டு ஓட்டாலோ வேயப்பட்டிருக்கலாம், அல்லது வேறொரு கட்டடத்தில் பிரித்த மரங்களை இங்கே கொண்டுவந்து பூட்டியிருக்கலாம். கைமரங்கள் முகட்டில் சேருமிடத்தில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களை உளியால் செதுக்கியிருக்கிறார்கள். கீழே தரையில் இழைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு மேலே ஏற்றுவதற்காக ஆசாரிகள் இட்ட அடையாளம் அது. மிஷனரிகளின் கடிதங்களில் அந்த ஆசாரிகளின் பெயர் இருக்குமென்று எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் வரிசை எண் எங்காவது தவறுகிறதா என்று பார்த்தால் மரங்கள் இடம் மாறியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

1910களில் மலைச்சாலை பயன்பாட்டுக்கு வரும்வரை, ஆட்களும் சாமான்களும் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாகச் செங்குத்தான பாதையில் ஏறியே வர வேண்டியிருந்தது. ஆகவே, மரம் சோலையில் வெட்டியதா, கீழிருந்து ஏற்றியதா, பின்னாளில் இங்கே நட்ட தைலமரமா என்பதே ஒரு முக்கியமான தடயம். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சிறு துண்டுகளைக் கொடுத்து மர வகையை உறுதிசெய்துகொள்ளலாம். தேக்காக இருந்தால் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்க்கவும் வழியுண்டு. கார்பன் சோதனை செய்யலாமே என்று பலர் யோசனை கூறினார்கள். 1650க்குப் பிற்பட்ட பொருள்களுக்கு அச்சோதனை ஒன்றுக்கொன்று விலகிய பல கால இடைவெளிகளையே விடையாகத் தரும் என்பதால், அதற்கு உங்கள் பணத்தைச் செலவிட மாட்டோம்.

மற்றொரு பாதி வேலை காகிதங்களில் இருக்கிறது. கொடைக்கானல் அன்று மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் தாலுகாவில் இருந்ததால், பழைய பத்திரங்களையும் நில அளவைப் பதிவேடுகளையும் பெரியகுளம், மதுரை அலுவலகங்களிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். 1899இல் நகராட்சி அமைந்ததற்குப் பிந்தைய வீட்டுவரிப் பதிவேடுகள் எங்காவது எஞ்சியிருந்தால், இந்தக் கதவு எண்ணைப் பின்னோக்கித் தொடரலாம். அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. தேவையான பக்கங்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்திப் படியெடுக்க எண்ணியிருக்கிறோம்.

இவை அனைத்துக்கும் 2,40,000 ரூபாய் ஆகுமென்று மதிப்பிட்டுள்ளோம். அதில் 90,000 ரூபாய் கூரையையும் சுவரையும் அளந்து வரைபடமும் நிழற்படமும் எடுப்பதற்கு. இதுவே முதலில் தேவைப்படும் தொகை. மரத்தையும் சுண்ணாம்புக் காரையையும் ஆய்வுக்கு அனுப்ப 35,000, ஆவணத் தேடலுக்கும் படிகளுக்கும் 75,000, முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு ஊர் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுக்க 40,000. குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் 46,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். எஞ்சிய 1,94,000 ரூபாய்க்காகவே உங்களை நாடுகிறோம்.

நன்கொடை தருபவர்களிடம் இரண்டு செய்திகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. எங்கள் குழு 80ஜி சான்று பெறாததால் வருமான வரிச் சலுகை கிடைக்காது. மேலும், வீடு 1845ஐச் சேர்ந்ததன்று, 1890களிலோ அதற்குப் பிறகோ கட்டியது என்று தெரியவந்தாலும் அதை அப்படியே அச்சிடுவோம். பெருமை குறைகிறதென்று முடிவை மாற்றி எழுதச் சொல்லும் நிபந்தனையோடு வரும் பணம், எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

நூறு ரூபாயானாலும் ரசீது தரப்படும். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கார்த்திகை மாத முடிவுக்குள் அனுப்பினால், மழை விட்டதும் மார்கழியில் அளவெடுக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம். ரொக்கமாகத் தர விரும்புவோர் பொருளாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டுகிறோம். கணக்கு தணிக்கை செய்யப்பட்டு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பணம் தர இயலாதவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்கள், வரி ரசீதுகள், இந்தக் காட்டேஜ் பின்னணியில் விழுந்த குடும்பப் படங்கள் ஆகியவற்றை ஒருநாள் இரவல் தந்தால் போதும். படியெடுத்து மறுநாளே திருப்பித் தருவோம்.

இங்ஙனம்,
காட்டேஜ் வரலாற்று ஆய்வுக் குழுவினர்,
கொடைக்கானல்.