தீராத வியாதியா வறுமை?

ஆசிரியருக்கு வணக்கம்.

வறுமையும் மக்களிடையே ஒட்டுறவின்மையும் என்றைக்கும் தீராதவை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலக வங்கிக் கணக்குப்படி, 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கடும் வறுமையில் இருந்தார்கள். 2019இல் ஏறக்குறைய பத்தில் ஒருவர். தீராத வியாதி இவ்வளவு இறங்குமா? ஆனால் 2020இல் கொரோனா வந்ததும் அந்த எண்ணிக்கை மறுபடி ஏறியது. கரையேறியதாக நாம் நினைத்த பலர் விளிம்பில்தான் நின்றிருந்தார்கள்.

இங்கேதான் ஒட்டுறவு முக்கியமாகிறது. தினக்கூலிக்காரர் ஒருவர் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார் என்று வையுங்கள். பக்கத்து வீட்டில் கைமாற்றுக் கிடைத்தால் குடும்பம் தப்பிக்கும். கேட்க ஆளில்லை என்றால் அநியாய வட்டிக்குக் கடன், அடுத்து பிள்ளையின் படிப்பு நிற்கும். அதே காய்ச்சல்தான். பக்கத்து வீடும் ஏழை வீடாகவே இருந்தால் கைமாற்றும் கிடைக்காது. அங்கே அரசுதான் கைகொடுக்க வேண்டும்.

ஆனால் உதவித்தொகை மட்டும் போதாது. பொதுப் பள்ளி, நூலகம், விளையாட்டுத் திடல் என எல்லாரும் கலந்து புழங்கும் இடங்களில்தான் ஒட்டுறவு வளரும். அவற்றுக்கான நிதியிலும் அரசுகள் கைவைப்பதுண்டு. உங்கள் தலையங்கங்கள் அதையும் கேள்வி கேட்கலாமே?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்