மிதியில் மறுபடி கால் வைக்கச் செய்தவர்களுக்கு

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவன் நான். வயது 54. குடலிறக்கத்தால் தறியை விட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்துப் போன வெள்ளிக்கிழமைதான் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தேன். மிதியை அழுத்தியதும் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. அங்கே எதுவும் பிதுங்கவில்லை. அன்று ராத்திரியே இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2021இல் குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள். உயிர் பிழைத்தேன். ஆனால் தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, ஒரு வருஷத்தில் அந்தத் தழும்பு வழியாகவே குடல் தள்ள ஆரம்பித்தது. இன்னோர் ஆஸ்பத்திரியில் அதை இழுத்துத் தைத்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் அதுவும் விட்டுப்போனது. எழுந்து நின்றால் தேங்காய் அளவுக்கு வீக்கம். இருமும்போதெல்லாம் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் நன்றி மதுரை டாக்டர் அம்மாவுக்கு. ஆப்பரேஷன் செய்ததற்கு மட்டுமல்ல, உடனே செய்ய மாட்டேன் என்று சொன்னதற்கும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நடுவில தசை 12 சென்டிமீட்டர் விலகியிருக்கு. பீடியை நிறுத்துங்க, சுகரைக் குறைங்க, நாலு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. புகையும் சர்க்கரையும் புண்ணை ஆறவிடாது, உள்ளே சீழ் பிடித்தால், வயிற்றுச் சுவருக்குத் தாங்கலாக வைக்கும் வலையையே எடுக்க வேண்டி வரலாம் என்பது அப்புறம்தான் புரிந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9.6இலிருந்து 7.1க்கு வந்தது. 30 வருஷப் பீடியும் போனது. அந்த நாலு மாதமும் என் எரிச்சலையெல்லாம் தாங்கியவள் என் வீட்டுக்காரி.

நான் நெசவுக்காரன் என்று தெரிந்ததும் டாக்டர் அம்மா நாள் கடந்த வலைத் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். பாலிப்ரொப்பிலீன் இழை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) என்று எதுவும் இல்லை, கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. கத்தரியால் ஓரத்தை வெட்டிக் காட்டினார், ஓர் இழைகூடப் பிரியவில்லை. நம் துணியை அப்படி வெட்டினால் ஓரம் பிசிறிவிடும். "கண் ஏம்மா இவ்வளவு பெரிசா இருக்கு?" என்றேன். "அதுக்குள்ளதான் உங்க சதை வளர்ந்து பிடிச்சுக்கணும்" என்றார்.

வெறும் தையல் என்றால் இழுப்பு முழுவதும் அந்த நூல்மேல்தான். வலை இருந்தால் இழுப்பு பரவிவிடும். குடலில் உரசாதா என்று பயந்தேன். வயிற்றுத் தசைக்குப் பின்னால், குடலை மூடியிருக்கும் சவ்வுக்கு முன்னால் வைப்போம் என்று படம் போட்டுக் காட்டினார். பக்கவாட்டில் இருக்கும் மூன்று அடுக்குத் தசையில் உள் அடுக்கை விடுவித்தால்தான் இரண்டு பக்கமும் நடுவில் வந்து சேருமாம். ஆப்பரேஷன் ஐந்து மணி நேரம் ஆனது. 30க்கு 30 சென்டிமீட்டர் வலை இப்போது எனக்குள்ளே இருக்கிறது.

மயக்க மருந்து டாக்டருக்கும், மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவியை வைத்துக்கொண்டு என்னை விடாமல் மூச்சு இழுக்கச் சொன்ன நர்ஸ் தங்கச்சிக்கும் நன்றி. நீர் வடியும் குழாய் இரண்டும் எடுக்கும்வரை ராத்திரியில் தினம் வந்து அளவு பார்த்தது அந்தப் பிள்ளைதான். மூன்றாம் நாள் வாயு பிரிந்தது என்று சொன்னபோது என்னைவிட அதற்குத்தான் சந்தோஷம்.

மச்சானுக்கு எப்படி நன்றி சொல்வது? தன் தறியை நிறுத்திவிட்டு, என் தறியில் பாதியில் கிடந்த பாவை நெய்து முடித்துக் கூலியை என் மகளிடம் கொடுத்தார். கேட்காமலே ஆறு சேலைக்கு முன்பணம் கொடுத்தனுப்பினார் கானாடுகாத்தான் ஆச்சி. "மெதுவா நெய்து குடுங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு இப்போதைக்குத் தினம் இரண்டு மணி நேரம்தான் நெய்கிறேன். பாவுக் கட்டை மகள்தான் தூக்கி வைக்கிறாள். தறியில் அரக்கும் மஞ்சளும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சேலை ஆச்சிக்கு. அடுத்தது டாக்டர் அம்மாவுக்கு, அவர் வேண்டாம் என்றாலும்.