டில்ட் ஸ்டேரிங் மாட்டப்போற மகளுக்கு

தாயி,

நீ அனுப்புன போட்டோ எல்லாத்தையும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டேன். உங்கம்மா பக்கத்துல உக்காந்து, என்னங்க இது இரும்புக்கடை மாதிரி இருக்கு, புள்ள மூஞ்சி ஒண்ணுலயும் காணோமேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. போன்ல பேசலாம்னா நீ வேலைக்குக் கெளம்புற நேரம் எனக்குக் கண்ணு சொருகிரும், அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் வரும், மாப்பிள்ளையையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி.

வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சிருப்ப, சொல்லல. மாப்பிள்ளை ஆறடி, நீ உங்க அப்பத்தா ஒசரம், ஒரே வண்டிய ரெண்டு பேரும் ஓட்டணும்னா ஸ்டேரிங் இப்பிடி டில்ட்டா மேலயும் கீழயும் மடங்கணுந்தான். அவர் தொடையில வீல் இடிக்குது, உனக்கு மீட்டர் மறைக்குது, இதுக்கு சீட்டுக்கு அடியில தலகாணி வச்சுக்கிட்டு எத்தன நாள் ஓட்டுவ. ஆனா இது மியூசிக் சிஸ்டம் மாத்துற வேலை கெடையாது. அத மட்டும் மனசுல வச்சுக்க.

உங்க வண்டியச் செஞ்ச ஜிஎம்காரன், ஜெனரல் மோட்டார்ஸ், இந்த டில்ட்ட 1963லயே கொண்டுவந்துட்டான். செஞ்சது சாகினாங்குற ஊர்ல, அது நீ இருக்குற மிச்சிகன்லயேதான் இருக்கு, மேப்புல தேடிப் பாத்தேன். அதனால சாமான் கெடைக்காம போகாது, எது கெடைக்குதுங்கிறதுதான் கேள்வி. உங்க செவர்லே ஷெவல் 68 மாடல், சாவி டேஷ்போர்டுல இருக்கு. 69 மாடல்லருந்து சாவிய ஸ்டேரிங் காலம்னு சொல்ற, வீலத் தாங்குற அந்தத் தண்டுலயே வச்சுட்டான், சாவிய எடுத்தா ஸ்டேரிங்கும் சேந்து பூட்டிக்கும், திருடனுக்காகச் செஞ்ச ஏற்பாடு. நீ பழைய வண்டி ஒடைக்கிற யார்டுல ஒரு டில்ட் காலம் பாத்து வச்சிருக்கியே, அந்த போட்டோவுல வலது பக்கம் சாவி ஓட்டை நல்லாத் தெரியுது, அப்ப அது 69, இல்லாட்டி அதுக்குப் பின்னாடி வந்தது. மாட்டலாம். ஆனா மாப்பிள்ளை சொல்ற மாதிரி டேஷ்போர்டு சாவியும் இருக்கட்டும், இதுல இருக்கறது சும்மா கெடக்கட்டும்னு விட்றாதீங்க. அந்தப் பூட்டு உள்ள உசுரோடதான் இருக்கும், எவனாச்சும் கைப்பட்டுத் திருப்பிவிட்டா வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஸ்டேரிங் பூட்டிக்கும். ஒண்ணு வயரிங்க மாத்தி சாவிய முழுசா புதுசுக்கே கொண்டு போங்க, இல்லாட்டி உள்ள இருக்குற லாக்கிங் பின்னக் கழட்டித் தூரப் போட்டுட்டு அதுக்கப்பறம் மாட்டுங்க. ரெண்டுங்கெட்டானா வேணாம். 68 டில்ட்டே கெடச்சா ரொம்ப நல்லது, அது அபூர்வம், வெலையும் அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லுவான்.

இண்டிகேட்டர் வயர் சாக்கெட்டையும் அளந்து பாத்துக்க. 67, 68ல அது மூணே முக்காலே அரைக்கால் இஞ்ச் நீளம், 69லருந்து நாலேகால் இஞ்ச். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், சொருகப் போனா சேராது. அதுக்காக வயர வெட்டி டேப் சுத்தாத, உங்க ஊர்ல அடாப்டர் விக்கிறான், வாங்கிக்க.

இன்னொண்ணு, உங்க வண்டிக்கு கியர் கீழ இருக்கு. யார்டுல இருக்கறதுல கியர் லிவர் வர்ற கழுத்து தெரியுது, அது ஹேண்ட் கியர் வண்டில இருந்து எடுத்தது. கீழ கியர் உள்ள வண்டியோடதா பாரு. ஹேண்ட் கியர்னதும் எனக்கு நம்ம அம்பாசிடர் டாக்ஸி எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. ராமேஸ்வரத்துக்கு ஆள ஏத்திக்கிட்டுப் போற வண்டி, லிங்கேஜ் புஷ் தேஞ்சு பர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவுல மாட்டிக்கும், டிரைவர் பாம்பன் பாலத்து மேலயே நிறுத்திட்டு பானெட்டத் தூக்கி கையாலயே லிவரத் தட்டிவிட்டு ஏறி ஓட்டுவாரு, பின்னாடி பஸ்காரன் ஹாரன அமுக்கிக்கிட்டே நிப்பான். 88ல ரோட்டுப் பாலம் தெறந்ததுலருந்து அந்தப் பாலத்துல எத்தன வண்டிக்கு இந்த வைத்தியம் நடந்துச்சோ. சரி அத விடு.

துரு பாக்காம எதையும் காசு குடுத்து வாங்காத. இங்க உப்பு காத்துல வருது, அங்க பனிக்காலத்துல ரோட்டுலயே கொட்றானுங்கன்னு நீதான் சொன்ன. ரெண்டும் ஒரே வேலையத்தான் பாக்கும். நம்ம மண்டபம் ஊர்ல கடலப் பாத்து நிறுத்துற வண்டிக எல்லாத்துலயும் நான் மொதல்ல பாக்குறது மிதியடிக்குக் கீழதான். ஸ்டேரிங் காலத்தோட கீழ் பேரிங், இன்ஜினுக்கும் கால் வைக்கிற எடத்துக்கும் நடுவுல உள்ள தகட்டுக்கிட்டதான் உக்காந்திருக்கும், தண்ணியும் உப்பும் மொதல்ல போய்ச் சேர்ற எடம் அது. கீழ் நுனியக் கையில புடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாரு, லொடலொடன்னா பேரிங் போச்சு. பேரிங் மாத்திக்கலாம், வெளிக்குழாய் அரிச்சிருந்தா தொடவே தொடாத. அரிசோனா மாதிரி காஞ்ச ஊர்லருந்து எடுத்த சாமான் கெடச்சா, கூரியர் செலவப் பாக்காம அதையே வாங்கு.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. அந்தக் காலத்து வண்டிகள்ல முன் சக்கரத்தத் திருப்புற ஸ்டேரிங் பாக்ஸ்லருந்து ஓட்டுறவன் நெஞ்சு வரைக்கும் ஒரே இரும்புக் கம்பி. முன்னாடி முட்டுனா பாக்ஸ் பின்னாடி தள்ளும், கம்பி ஆளக் குத்திரும். நம்ம ரோட்டுல அப்பிடி ஆகிக் கட்டி இழுத்துட்டு வந்த வண்டிகள நான் பாத்திருக்கேன், அதப் பத்தி எழுத வேணாம். ஜிஎம் 67 மாடல்லருந்து முட்டுனா உள்ள மடங்கிச் சுருங்குற மாதிரி செஞ்சான், 68 ஜனவரி 1லருந்து அமெரிக்காவுல விக்கிற காருக்கெல்லாம் அது சட்டமாவே ஆயிருச்சு. அந்த 67, 68 மாடல்ல வெளிக்குழாய்ல வலை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், அதுதான் நசுங்குற எடம். உள்ள ஷாஃப்ட் ரெண்டு துண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அது நழுவாம புடிச்சிருக்கறது ஓட்டையில ஊத்தி எறுகுன பிளாஸ்டிக் பின்தான். பிளாஸ்டிக்குதான் தாயி. முட்டுறப்ப அது ஒடையணும், ஒடஞ்சாத்தான் ஷாஃப்ட் உள்ள போகும், ஆள் பொழைக்கும்.

அதுனாலதான் சொல்றேன், கழட்டும்போதும் மாட்டும்போதும் அதுல சுத்தியல் படக்கூடாது. நம்ம பட்டறையில எதுவும் நகரலேன்னா மொதல்ல சுத்தியலத்தான் எடுப்பானுங்க, நீயும் அதப் பாத்து வளந்தவதான். ஷாஃப்ட் நுனியில ரெண்டு தட்டு தட்டுனா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள பின் ஒடஞ்சிருக்கும், அப்பறம் அது முட்டுறதுக்கு முந்தியே நழுவ ஆரம்பிச்சிரும். வீல் வரலையா, இழுத்துக் கழட்டுற புல்லர் போட்டு எடு. கீழ வச்சா கம்பளி மேல வை, நுனி தரையில மோதாம. அதப் புடிச்சுக்கிட்டுச் சாயாத. வாங்குறதுக்கு முந்தி ஷாஃப்ட்ட முன்னப்பின்ன இழுத்துப் பாரு, உள்ள போய் வந்துச்சுன்னா அது ஏற்கனவே அடிவாங்குனது, வச்சுட்டு வா. நீளம் சேரலேன்னு எவனாச்சும் வெட்டி வெல்டு வச்சுத் தர்றேன்னு வந்தா, எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் மரியாதையா அனுப்பிரு. லாரியில உள்ளதெல்லாம் வேணவே வேணாம், ஷெவலுக்கு ஷெவலோடது.

அடுத்தது அந்த நாலு போல்ட்டு. இந்த சாகினா டில்ட்டுக்கு ஊரறிஞ்ச ஒரு வியாதி இருக்கு, வீல் முழுக்க மேலயும் கீழயும் தொளதொளன்னு ஆடும். வண்டிய விட்டு எறங்குறப்ப எல்லாரும் வீலப் புடிச்சுத்தான எந்திரிப்பாங்க, வருசக்கணக்கா அப்பிடி இழுத்து இழுத்து உள்ள நாலு போல்ட்டு லூசாயிருக்கும். டில்ட் மடங்குற மூட்டுக்குக் கீழ இருக்கும், தலை வெளிப்பக்கம் நட்சத்திரம் மாதிரி, ஈ-8 சாக்கெட்தான் சேரும், வேற எதையாச்சும் வச்சு நெம்புனா தலை மழுங்கிரும். வண்டில மாட்டுனப்பறம் அதத் தொட்றது பெரும்பாடு, டேபிள் மேல இருக்கும்போதே பண்ணிரு. வீலக் கழட்டி, லாக் பிளேட்ட அதுக்குன்னு உள்ள டூல வச்சு அமுக்கி ரிங்க எடுத்து, இண்டிகேட்டர் சுவிட்சோட மூணு ஸ்க்ரூவக் கழட்டி அத மேல இழுத்து வச்சிட்டு, அப்பறம் சைடுல ரெண்டு பிவட் பின் இருக்கும், அதுக்கும் தனிப் புல்லர் உண்டு. அதுக்கு முந்தி டில்ட்ட மேல கடைசி வரைக்கும் தூக்கி வச்சுக்க, அப்பத்தான் உள்ள ஸ்பிரிங் தளர்ந்து இருக்கும், இல்லேன்னா அது துள்ளி மூஞ்சில அடிக்கும். கண்ணாடி போட்டுக்க, மாப்பிள்ளையையும் போடச் சொல்லு. நாலையும் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து மரையைத் தொடச்சு, மரை லூசாகாம புடிக்குற பசை, நீல லாக்டைட், ஒரு சொட்டு விட்டு முறுக்குங்க.

மாட்டுறப்ப முன் சக்கரம் ரெண்டும் நேரா இருக்கட்டும். கீழ சேர்ற ரப்பர் ஜாயிண்ட்ல ரெண்டு போல்ட்டும் ஒரே சைஸ் கெடையாது, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, தப்பாத் திருப்பி மாட்டக்கூடாதுன்னே அப்பிடி வச்சிருக்கான், சேரலேன்னா அமுக்காத, திருப்பிப் பாரு. ஜாயிண்ட்ட இழுத்தோ நெருக்கியோ வைக்கக்கூடாது, சும்மா உக்காரணும். அப்பறம் டேஷ்போர்டுக்கு அடியில உள்ள பிராக்கெட் போல்ட்ட எல்லாத்தையும் கையில லூசா ஏத்திட்டு கடைசியா முறுக்கு. ஹாரன் அடிக்கலேன்னா பயந்துராத, அந்த ரப்பர் ஜாயிண்ட்டத் தாண்டி எர்த் போகணும், அதுல ஒரு சின்ன வயர் இல்லாட்டி வலை இருக்கும், அது அத்துப் போயிருக்கும். பேட்டரி வயர மொதல்லயே கழட்டிருப்பேன்னு நெனைக்கிறேன்.

ரோட்டுக்குப் போறதுக்கு முந்தி முன்பக்கத்த ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு வச்சு, இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் வீலச் சுத்திப் பாரு. ஒரு தடவ மேல மடக்கி வச்சு, ஒரு தடவ கீழ மடக்கி வச்சு, நடுவுலயும். வயர் எங்கயாச்சும் இழுத்துப் புடிக்குதா, எங்கயாச்சும் கரகரங்குதான்னு காத வச்சுக் கேளு. டில்ட்ட முழுக்க கீழ எறக்குனா வயர் டைட்டாகுறதுதான் சாதாரணமா நடக்குற கூத்து. வண்டி ஓடுறப்ப டில்ட் லிவர எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாது, இத மாப்பிள்ளைக்கு நீயே சொல்லிரு, நான் சொன்னா மாமனார் பாடம் எடுக்குறாருன்னு நெனப்பாரு.

வீல மேல ஏத்துறதுக்கு முந்தி அந்த நாலு போல்ட்டையும் நல்ல வெளிச்சத்துல எடுத்து அனுப்பு, நான் பாத்துட்டுச் சொல்றேன். ஏப்ரல் 15க்கு மேலன்னா மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சிரும், அறுபத்தோரு நாளும் விசைப்படகு எல்லாம் கரையிலதான் கெடக்கும், இன்ஜின் எறக்குற வேலைக்கு என்னையத்தான் இழுத்துட்டுப் போவானுங்க, பகல்ல போன எடுக்க மாட்டேன். அதுக்கு முந்தியே செஞ்சு முடிக்கப் பாரு, முடியலேன்னா ஜூன் பாதிக்கு மேல வச்சுக்க.

அப்பா